வாடகைச் சீட்டும் வாழ்வுரிமையும்!

(சேலத்தில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாடாளுமன்றம், சட்டமன்றம், இடஒதுக்கீடு என்று பெரிய விஷயங்களைக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்று நான் பேச வந்திருப்பது ஒரு துண்டுக் காகிதத்தைப் பற்றி. அதன் பெயர் வாடகைச் சீட்டு. "இதற்கு ஒரு கூட்டமா?" என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தக் காகிதம் இல்லாததால் நம் மஹல்லாவில் எத்தனை வீடுகளில் அரசு உதவி வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் தூக்கம் வராது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையிலிருந்து தொடங்குகிறேன். பெயர் வேண்டாம். ஊர் இந்தச் சேலம்தான். கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. வேலை இருந்தால் கூலி, இல்லாவிட்டால் கடன். ஒரு வளாகத்தில் வரிசையாக மூன்று வீடுகள். நடுவீட்டில் இவர்கள் குடியிருப்பு. மூன்று வீட்டுக்கும் ஒரே மின் மீட்டர். மீட்டர் வீட்டுக்காரர் பெயரில்.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். இந்தச் சகோதரியும் விண்ணப்பித்திருந்தார். நிராகரித்துவிட்டார்கள். காரணம்? மின்சாரப் பயன்பாடு அதிகமாம்! வீட்டில் இருப்பது இரண்டு டியூப்லைட், ஒரு மின்விசிறி, ஒரு மிக்ஸி, பழைய டி.வி. ஒன்று.

வீட்டுக்காரரிடம் போனார். "பாய், மூணு வீட்டுக்கும் ஒரே மீட்டருன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. மேல்முறையீடு செய்யணும்" என்றார். வீட்டுக்காரர் சொன்ன பதில் என்ன தெரியுமா? "எழுதிக் குடுத்தா நாளைக்கு எனக்கு வரி போடுவாங்கம்மா. வேணும்னா வேற வீடு பாத்துக்க."

சகோதரர்களே, அந்த வீட்டுக்காரர் அந்நியர் அல்லர். ஜும்ஆவில் முதல் ஸஃப்பில் நிற்பவர். நோன்பு மாதத்தில் கஞ்சிக்கு அரிசி மூட்டை தருபவர். கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். மூட்டை மூட்டையாய் அரிசி தரும் கை, ஒரு வரி எழுதித் தர மறுத்தது ஏன்? அதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

கணக்கைப் பாருங்கள்

நீங்கள் வணிகர்கள். கணக்குச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வீர்கள். அந்தத் திட்டம் 2023-இல் தொடங்கியபோது வைத்த நிபந்தனைகளில் முக்கியமானவை இவை: குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள் இருக்க வேண்டும். வீட்டு மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். கார் வைத்திருப்பவர், வருமான வரி கட்டுபவர், ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் வியாபாரம் செய்து ஜி.எஸ்.டி. கட்டுபவர் ஆகியோர் குடும்பங்களுக்குத் தகுதி இல்லை. ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பயனாளி. விண்ணப்பப் படிவத்தில் சொந்த வீடா வாடகை வீடா என்றும், மின் இணைப்பு எண் என்ன என்றும் கேட்டிருந்தார்கள்.

இப்போது அந்த மூன்று வீட்டுக்கு வாருங்கள். ஒரு வீட்டுக்கு மாதம் 120 யூனிட் என்று வையுங்கள். ஆண்டுக்கு 1,440 யூனிட். வரம்பில் பாதிகூட இல்லை. ஆனால் மீட்டர் ஒன்று. மூன்று வீடும் சேர்ந்து ஆண்டுக்கு 4,320 யூனிட். கணினிக்கு என்ன தெரியும்? அது எண்ணைத் தட்டிப் பார்க்கும். 3,600-ஐத் தாண்டியிருக்கிறது, தள்ளு! அந்த எண்ணுக்குப் பின்னால் மூன்று அடுப்பு எரிகிறது என்று அதற்குச் சொல்ல ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காகிதம்தான் இல்லை.

நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று அப்போது வாய்ப்பும் தந்தார்கள். வாய்ப்பு இருந்தது, உரிமை இருந்தது, உண்மையும் இருந்தது. சான்று மட்டும் இல்லை. 30 நாள் ஓடிப்போயிற்று.

இன்னொரு நட்டத்தையும் கவனியுங்கள். 2016 மே மாதத்திலிருந்து வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்தது. மூன்று மீட்டர் இருந்தால் 300 யூனிட். ஒரே மீட்டர் என்றால் மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து 100 யூனிட்தான். மேலும், பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறும். ஏழை மூவர் சேர்ந்து பணக்காரர் விலையில் மின்சாரம் வாங்குகிறார்கள்!

இடம்பெயரும் மக்கள் நாம்

நம் சேலம், நாமக்கல் மாவட்டங்களை எண்ணிப் பாருங்கள். பள்ளிபாளையத்துக்கும் குமாரபாளையத்துக்கும் விசைத்தறிக்குப் போகிறவர்கள், நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போகிறவர்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடமாநிலம் போகிறவர்கள், லீ பஜாரில் மூட்டை தூக்க ஆத்தூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள். தொழில் எங்கேயோ அங்கே வாடகை வீடு. குடும்ப அட்டையோ பழைய ஊரில். ஆதாரில் மாமியார் வீட்டு முகவரி. வாக்காளர் பட்டியலில் மூன்றாவது முகவரி. ஒரே மனிதருக்கு மூன்று ஊர்!

இதனால் என்ன ஆகும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. 6,000 ரூபாய் நிவாரணம் குடும்ப அட்டை வழியாக, ரேஷன் கடைகளில் தரப்பட்டது. அங்கே வாடகைக்கு இருந்து வெள்ளத்தில் எல்லாம் இழந்தும், அட்டை சொந்த ஊரில் இருந்தவர்கள் என்ன செய்வது? அவர்கள் தனியாக விண்ணப்பித்து, நாங்கள் இங்கேதான் வசிக்கிறோம் என்று காட்ட வேண்டியிருந்தது. வெள்ளம் முகவரி பார்த்து வரவில்லை. நிவாரணம் முகவரி பார்த்துத்தான் வந்தது.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. அதில் பெரும்பகுதிக்குச் சொன்ன காரணம் "இடம் மாறியவர்". வாடகை வீட்டுக்காரனுக்கு முகவரி என்பது வெறும் தபால் வரும் இடம் அல்ல. அதுதான் அவன் இந்த மண்ணில் இருக்கிறான் என்பதற்குச் சாட்சி.

கடல் கடந்த நாடுகளைப் பாருங்கள். நம் பிள்ளைகள் துபாயில் இருக்கிறார்கள். அங்கே வாடகை ஒப்பந்தத்தை 'இஜாரி' என்ற அரசுப் பதிவில் ஏற்றாமல் மனைவி மக்களுக்கு விசா வாங்க முடியாது. பிரிட்டனில் அரசு உதவித் தொகையோடு வீட்டு வாடகைக்கென்று ஒரு பங்கு தருகிறார்கள். அதைப் பெறுபவர் வாடகை கூடினாலும் குறைந்தாலும், வீடு மாறினாலும், கூடவே ஓர் ஆள் வந்து தங்கினாலும் தாமே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் வாங்கிய தொகையைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். அங்கே போய் ஒழுங்காகப் பதிவு செய்கிற நாம், இங்கே மட்டும் "வாய்ப்பேச்சுப் போதும்" என்கிறோமே, நியாயமா?

வீடு வைத்திருக்கும் வணிகர்களுக்கு

வணிகப் பெருமக்களே, உங்களை நேரடியாகவே கேட்கிறேன். எழுதித் தர உங்களுக்கு என்ன அச்சம்?

முதல் அச்சம்: வரி. வாடகை வருமானத்தில், கட்டிய வீட்டு வரி போக மிச்சத்தில், 30 விழுக்காட்டைக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டமே இடம் தருகிறது. மீதியோடு உங்கள் மற்ற வருமானமும் சேர்ந்து வரம்பைத் தாண்டினால்தான் வரி. சாமானியக் குடும்பம் குடியிருக்கும் வீட்டு வாடகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வரி வருமென்றால் கட்டத்தான் வேண்டும். அதை மறைப்பதற்காக ஓர் ஏழைப் பெண்ணின் வாயை மூடுவது என்ன வியாபாரம்?

இரண்டாவது அச்சம்: எழுதிக் கொடுத்தால் வீட்டைப் பிடுங்கிக்கொள்வான். இது தலைகீழான அச்சம். வாடகைக்கு வந்தவன், குடியிருக்கும் காலத்தில், வீடு உன்னுடையதல்ல என்று உரிமையாளரைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இதையே சொல்கிறது. "இவர் என் வாடகைதாரர்" என்று எழுத்தில் இருப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. காகிதம் இல்லாத இடத்தில்தான் "நான் எப்படி வந்தேன் தெரியுமா" என்ற வழக்கு முளைக்கும்.

மூன்றாவது அச்சம்: சட்டச் சிக்கல். எழுதாமல் இருப்பதுதான் சிக்கல்! 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதிய 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கென்று இணையதளமும் திறந்தார்கள். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் வாடகை அதிகாரியாக இருக்கிறார். பதிந்தால் பதிவு எண் கிடைக்கும். வாடகை கொடுத்தால் கையொப்பமிட்ட ரசீது பெறுவது குடியிருப்பவரின் உரிமை. தகராறு வந்தது என்பதற்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்க உரிமையாளருக்கு அனுமதி இல்லை.

'போக்கியம்' பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் பகுதியில் மாத வாடகை இல்லாமல் ஒரு தொகையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு வருவது வழக்கம். இரண்டு லட்சம், மூன்று லட்சம் கைமாறுகிறது. கைமாறும் இடத்தில் இருப்பது என்ன? ஒரு வெள்ளைத்தாள், ஒரு ரெவின்யூ ஸ்டாம்பு. சட்டத்தின் பார்வையில் அனுபவ அடமானமாக எழுதினால் 100 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தத் தொகைக்கும் பதிவுப் பத்திரம் வேண்டும். பதியாமல் கொடுத்த பணத்துக்கும் வலுவில்லை, குடியிருப்புக்கும் சான்றில்லை. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை வெள்ளைத்தாளை நம்பிக் கொடுக்கலாமா?

குடியிருக்கும் இளைஞர்களுக்கு

ஒரு பக்கம் மட்டும் பேசினால் அது நீதியாகாது. குடியிருக்கும் சகோதரர்களே, உங்கள் பக்கமும் வருகிறேன்.

வீட்டுக்காரர் எழுதித் தர மறுப்பது ஒரு தவறு. பொய்யாக எழுதி வாங்குவது அதைவிடப் பெரிய தவறு. என்னென்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒரே அடுப்பு, ஒரே சட்டி. ஆனால் தனிக் குடும்பம் என்று சொல்லி இன்னோர் அட்டை. ஏன்? ஒரு அட்டைக்கு ஒரு பயனாளி என்பதால். சொந்த வீடு அண்ணன் பெயரில் இருப்பதுபோல் காட்டி, வாடகைக்கு இருக்கிறேன் என்று விண்ணப்பம். பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2015-இல் வந்தபோதே, இந்தியாவில் எங்கும் குடும்பத்தில் யார் பெயரிலும் பக்கா வீடு இருக்கக்கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். ஊரில் மாடி வீட்டை வைத்துக்கொண்டு இங்கே உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லையா?

விண்ணப்பத்தின் அடியில் "மேற்கண்டவை உண்மை" என்று ஒரு வரி வருகிறதே, அது அலங்காரம் அல்ல. அது உங்கள் சாட்சியம். அரசு அலுவலருக்குப் பொய்த் தகவல் தருவதும் ஏமாற்றிப் பொருள் பெறுவதும் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதல் 318-ஆம் பிரிவில் வருகிறது. கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் காலம் இது. ஆதார், மின் இணைப்பு, வாகனப் பதிவு, குடும்ப அட்டை எல்லாம் ஒரே கயிற்றில் கட்டப்படுகின்றன. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் மாறி மாறிப் பயந்தார்களே, நினைவிருக்கிறதா?

சட்டத்தை விடுங்கள். ஒருவர் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால், அடுத்து உண்மையைச் சொல்ல வருகிற பத்துப் பேரையும் அதிகாரி சந்தேகக் கண்ணோடு பார்ப்பார். "உங்க தெருவே இப்படித்தான்" என்பார். வெளித் தெருக்களில் நமக்கு வீடு கிடைப்பதே பாடு. பெயரைக் கேட்டதும் "இப்பத்தான் வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்" என்ற பதிலைக் கேட்காதவர் இந்தக் கூட்டத்தில் உண்டா? அப்படி இருக்கும்போது நமக்கு நாமே அவப்பெயர் தேடலாமா?

இன்றே செய்ய வேண்டியவை

பேசிக் கலைவதற்கு நாம் கூடவில்லை. ஆறு வேலைகளைச் சொல்கிறேன்.

1. வீடு மாறினால் முதல் வேலை குடும்ப அட்டையில் முகவரி மாற்றம். பொது விநியோகத் திட்ட இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ செய்யலாம். சிக்கல் வந்தால் வட்ட வழங்கல் அலுவலரைப் பாருங்கள். அட்டையை மாற்றியபின் ஆதார், வங்கி, வாக்காளர் பட்டியல் என்று வரிசையாக மாற்றுங்கள். எல்லாவற்றிலும் ஒரே முகவரி, ஒரே எழுத்து.

2. வாடகை எவ்வளவானாலும் எழுத்தில் ஒப்பந்தம். அதில் உண்மையான வாடகை, உண்மையான முன்பணம், வீட்டின் கதவு எண், மின் இணைப்பு எண் இருக்கட்டும். ஒரே மீட்டரில் எத்தனை குடும்பம் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

3. மாதா மாதம் ரசீது. அல்லது வங்கி வழியாகவோ கைபேசி வழியாகவோ வாடகையைச் செலுத்துங்கள். கணக்கே சாட்சி பேசும்.

4. வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு பகுதிக்கும் தனி மின் இணைப்புக் கேட்டு மின்வாரியத்தில் விண்ணப்பியுங்கள். அது கிடைக்கும்வரை துணை மீட்டர் அளவைக் குறித்து, மாதம்தோறும் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

5. விண்ணப்பம் எதுவானாலும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். நிராகரித்தால் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு எத்தனை நாள் என்பதை அன்றைக்கே நாட்காட்டியில் எழுதிவையுங்கள்.

6. ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிதோறும் தொழுகைக்குப் பின் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கணினி தெரிந்த இரண்டு பிள்ளைகள். ஒரு மணி நேரம் போதும். விண்ணப்பம் எழுத, முகவரி மாற்ற, ஒப்பந்த மாதிரி தர. எந்த மதத்தவர் வந்தாலும் செய்துகொடுங்கள். வாடகை வீட்டின் கஷ்டத்துக்கு மதம் இல்லை.

அந்த ஒரு வரியின் விலை

தொடக்கத்தில் சொன்ன சகோதரியிடம் திரும்ப வருகிறேன். 2025 ஜூலையில் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள் தொடங்கி, விடுபட்டவர்களிடம் மறுபடியும் விண்ணப்பம் வாங்கினார்கள். இந்த முறை அவர் வீட்டுக்காரரிடம் போகவில்லை. போய் அவமானப்பட மனம் இல்லை. வீட்டுக்காரரின் மகன், கல்லூரியில் படிக்கும் பிள்ளை, இந்தக் கணக்கைக் கேள்விப்பட்டுத் தன் தந்தையிடம் போய் உட்கார்ந்தான். "அத்தா, நம்ம வீட்டுல குடியிருக்கிறவங்கன்னு எழுதுறதுக்கு நமக்கு என்ன நட்டம்? எழுதாம விட்டதுல அவங்களுக்கு எவ்வளவு நட்டம்னு பாருங்க" என்றான். எழுதித் தந்தார். ஒப்பந்தமும் போட்டார். 2025 டிசம்பர் 12 அன்று விரிவாக்கம் தொடங்கியபோது அந்தச் சகோதரியின் கணக்கில் முதல் 1,000 ரூபாய் வந்தது.

மகிழ்ச்சிதான். ஆனால் இடையில் போனது? 2023 செப்டம்பர் முதல் 2025 நவம்பர் வரை 27 மாதம். 27,000 ரூபாய். கொலுசுப் பட்டறைக் கூலிக்காரரின் வீட்டில் 27,000 ரூபாய் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் அது. அந்த மகள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள்.

அந்த வீட்டுக்காரர் இப்போது என்னைப் பார்த்தால் தலை குனிகிறார். குனிய வேண்டாம் என்றுதான் அவரிடம் சொன்னேன். அவரே முன்வந்து, மூன்று வீட்டுக்கும் தனித்தனி மின் இணைப்புக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். நின்றுபோன படிப்பைத் தொடரவும் தன்னாலானதைச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

சகோதரர்களே! கூட்டம் முடிந்து வீடு போனதும், உங்களுக்கு வீடு இருந்தால் அதில் குடியிருப்பவரைக் கூப்பிட்டு, "உங்களுக்கு என்ன எழுதித் தரணும்?" என்று நீங்களே கேளுங்கள். நீங்கள் குடியிருப்பவர் என்றால் உண்மையை மட்டும் எழுதி வாங்குங்கள். ஒருவர் மறைக்காமல் எழுத, மற்றவர் கூட்டாமல் கேட்க, இரண்டும் நடந்தால் எந்த அலுவலக வாசலிலும் நாம் தலை நிமிர்ந்து நிற்கலாம்.